யாரை நினைத்துத் தூக்குவது

இரண்டாவது முறையும் இரும்புப் பார் கையை விட்டுப் போனது. தலைக்கு மேல் ஏறிவிட்டது, ஏறி நின்றும்விட்டது, வலது முழங்கை மட்டும் கொஞ்சம் துவண்டது, அந்தக் கொஞ்சத்துக்குள் தொண்ணூற்றெட்டுக் கிலோவும் பின்பக்கமாகச் சரிந்து விழுந்தது. அந்த அதிர்ச்சியில், போன முகூர்த்தத்துக்கு மேடைச் சுவரில் ஒட்டியிருந்த தெர்மாக்கோல் எழுத்து ஒன்று மாப்பிள்ளை பெயரிலிருந்து கழன்று விழ, கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மூன்று விளக்கும் சிவப்பு. ஜெயக்கொடி விளக்கைப் பார்க்கவில்லை. விழுந்ததை விழுந்தது என்று சொல்ல மூன்று நடுவர்கள் எதற்கு? வேலூரில் வேறு அரங்கம் கிடைக்காமல் மாநிலப் பளுதூக்கும் போட்டியைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மணமேடைக்கு முன்னால் பலகை அடித்துத் தளம், பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி. அவள் படியிறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனாள். நேற்றைய சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பந்திப் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையில் ஸ்னாட்ச் நன்றாகத்தான் போயிற்று, ஒரே இழுப்பில் தலைக்கு மேல். ஆனால் இது கிளீன் அண்ட் ஜெர்க். முதலில் கிளீன், தோளுக்கு எடுக்க வேண்டும், தோளில் வைத்துக்கொண்டு நிமிர வேண்டும், அப்புறம் ஜெர்க், தலைக்கு மேலே. மூன்று வாய்ப்பு. இரண்டு போயாயிற்று. மூன்றாவதும் போனால் காலையில் தூக்கியதும் சேர்த்துப் போய்விடும், மொத்தக் கணக்கே கிடையாது, போட்டிக்கு வராதவளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் இல்லை. மொத்தக் கணக்கு இல்லாவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை, அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அதே எடைக்கு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தூக்கி முடிக்கிறவரைதான் இவளுக்கு நேரம்.

குப்புராஜ் மாஸ்டர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய தைல வாசனை வந்தது. பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து, அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கினார். "இன்னாடி, தூங்கறியா மேல போய்? உன் ஆளு எங்க?" அவள் இடுப்புப் பட்டையைத் தளர்த்தினாள். "உன்னத்தான் கேக்கறேன். உன் ஆளு எங்கடி?" "வரல மாஸ்டர்." "இன்னா வரல?" "கோவம் வரல." அவர் காறித் துப்பப்போய், உள்ளே இருக்கிறோம் என்று நினைவு வந்து விழுங்கிக்கொண்டார். "வரலன்னா வரவைக்கணும். உங்க நைனா தோல் பட்டையால வெளுத்ததை நெனச்சுக்க. உங்கம்மா பல்ல நெனச்சுக்க. வாய் பூரா ரத்தத்தோட பல்லு கையில வச்சிகினு நின்னாங்கன்னு நீதானே சொன்ன? நல்லா நெனச்சுக்க. வந்து கூப்பிடறேன்." சொல்லிவிட்டு, கோபமாகக் கட்டைவிரலால் அவள் தோள்பட்டையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, யார் எப்போது தூக்குகிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார். அம்மாவின் பல். அதை அவரிடம் ஏன்தான் சொன்னோம். சொன்னது முதல் நாளில். அவருடைய ஜிம்முக்கு யார் வந்தாலும் முதலில் எடையைப் பார்க்க மாட்டார், உயரத்தைப் பார்க்க மாட்டார், ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: உன்னை அடிச்சது யாரு? அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பெயர் அன்றிலிருந்து உன்னுடைய ஆள். ஒவ்வொரு தூக்கலுக்கு முன்னாலும் இரண்டு கன்னத்திலும் பளார் பளார் என்று அறைந்து, காதருகே குனிந்து அந்தப் பெயரைச் சொல்லுவார், நீ போய்த் தூக்க வேண்டும். ஒருத்திக்குச் சித்தி. ஒருத்திக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். நல்ல குடும்பத்துப் பெண் ஒன்று, என்னை யாரும் அடிச்சதே இல்லையே மாஸ்டர் என்று கண்ணை விரித்தபோது, நீ கேரம் ஆடப் போ கண்ணு என்று அனுப்பிவிட்டார். பதினைந்து வயதில் ஜெயக்கொடி யோசிக்கவே இல்லை. முனிரத்தினம், எங்க நைனா என்றாள்.

எவ்வளவு நாள் அந்தப் பெயரில் தூக்கியிருப்பாள். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்துவிட்டு வரும்போதே நைனாவின் மேலே செத்த மாட்டின் வாடையும் சாராய வாடையும் கலந்து வரும். ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இரும்பாகிப் போன பட்டை. அது காற்றில் வரும் சத்தம் முதலில், முதுகில் விழும் சூடு அப்புறம், வலி அதற்கும் அப்புறம்தான். பாத்திரம் விழுந்தால் அடி. பாத்திரம் விழாவிட்டால் இன்னாடி வீடு சாவு வீடு மாதிரி கீது என்று அடி. அம்மாவை அவர் பட்டையால் அடிக்க மாட்டார், அம்மாவுக்குக் கைதான். அன்றைக்கு அம்மா சுவரில் மோதி எழுந்து, வாயில் கைவைத்துப் பார்த்து, கையில் இருந்ததை இவளிடம் நீட்டினாள், பத்திரமாக வை என்று கொடுப்பது மாதிரி. சூடாக இருந்தது. பல் சூடாக இருக்கும் என்று அதுவரை தெரியாது. அந்தச் சூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் ஜெயக்கொடி பாரைப் பிடிப்பாள். முனிரத்தினம் என்று காதில் விழும். வயிற்றிலிருந்து ஒரு கொதி கிளம்பும், கண்ணில் வேறு எதுவும் தெரியாது, கீழே கிடப்பது இரும்பு இல்லை, அந்த ஆள், அவரைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய், ஊர் பார்க்க நிறுத்தி, தரையில் போட்டு உடைக்க வேண்டும். மாவட்டத்தில் ஜெயித்தாள். மாநிலத்தில் மூன்றாவதாக வந்தாள். பேப்பரில் போட்டோவுக்குக் கீழே ஏழ்மையிலும் விடாமுயற்சி என்று எழுதினார்கள். படித்துவிட்டு மாஸ்டர் சிரித்தார். இன்றைக்குக் காலையில் சிறப்பு விருந்தினரும் அதைத்தான் பேசினார், முயற்சி ஒன்றுதான் வேண்டும், முயன்றவர்கள் தோற்றதாகச் சரித்திரமே இல்லை என்று அரைமணி நேரம் முழங்கிவிட்டு, சோபாவிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. சரித்திரத்துக்குக் காஞ்சனாவைத் தெரியாது. கூடவே பயிற்சி செய்த காஞ்சனா. இவள் ஐந்து முறை தூக்கினால் அவள் எட்டு முறை தூக்குவாள், காய்ச்சலில் தூக்குவாள், தீட்டு நாளில் தூக்குவாள். ஒருநாள் கீழே உட்கார்ந்தவளின் முட்டி படார் என்றது. ஜிம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். இப்போது அந்த முட்டியை வைத்துக்கொண்டு புடவைக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறாள். முயற்சிதான் ஜெயிக்கவைக்கும் என்றால் காஞ்சனாவுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

மேலே பார் விழுந்தது. பலகை அதிர்ந்து கூடத்தின் ஓட்டைச் சன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. கைதட்டல் இல்லை, அப்படியென்றால் அந்தப் பெண்ணும் போட்டுவிட்டாள். நல்லது. நல்லதா? சீ, என்ன நினைப்பு இது. ஆனால் நினைப்பு வந்தது வந்ததுதான். முனிரத்தினம் முனிரத்தினம் முனிரத்தினம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயருக்கு இப்போது வருகிற முகம் வேறு. வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு, கன்னம் உள்ளே போய், ஒரு கண் மட்டும் இமைக்கிற முகம். வாதம் அடித்துப் படுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா அதைப் பார்க்க இல்லை, பல்லும் போய், அப்புறம் உயிரும் போய் அவள் தப்பித்துவிட்டாள். அக்கா வந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, நீதான் தூக்கறவளாச்சே என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆமாம், தூக்கறவள். விடிந்ததும் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்கு, குளியலறையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. பயிற்சிக்கு முதலில் உடம்பைச் சூடாக்க எடுக்கிற எடை கூட இல்லை அந்த மனுஷர். அந்தக் கையா பட்டையைச் சுழற்றியது. முட்டிக்குக் கீழே தோல்தான் இருக்கிறது, எலும்பில் போட்டுவைத்த மாதிரி. ஆரம்பத்தில் ஒருநாள், நினைக்கக் கூடாது என்று வைத்திருந்த நாள், அது இப்போது வந்து நிற்கிறது. குளியலறைச் சிமெண்டுத் தரைக்கு மேலே அவரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். விட்டால் போதும். தலை நேராகத் தொட்டி விளிம்பில் போய் விழும். வழுக்கிட்டார் என்று சொன்னால் தெருவே நம்பும், பாவம் பொண்ணு எவ்வளவுதான் பார்க்கும் என்று இவளுக்காக அழவும் செய்யும். கை தளர்ந்தது. தளர்த்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும், இதில் பொய் எதற்கு. அவர் கீழே நழுவினார், ஒரு சாண், ஒன்றரைச் சாண். உடனே அந்த நல்ல கை வந்து இவள் தோளைப் பிடித்தது. அவர் இவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒற்றைக் கண்ணில் பயம். பச்சைப் பிள்ளைக்கு வருகிற பயம். இத்தனை வருஷமாக எதை அந்தக் கண்ணில் பார்க்க வேண்டும் என்று இரும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டாளோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதில் ஒரு ருசியும் இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினாள். துடைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் காதில் சொன்னால் முதுகு எரிவதில்லை, தோளில் அந்தப் பிடிதான் ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்ததும் முழங்கை துவண்டுவிடுகிறது. இரண்டு முறையும் அப்படித்தான். மாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது? என் ஆள் செத்துப்போனார் மாஸ்டர், ஆனால் தினமும் குளிப்பாட்டுகிறேன் என்றா?

வேறு ஆள் வேண்டும். சீக்கிரம். உலகத்தில் கோபப்பட ஆளா இல்லை? புருஷன் பாபு இருக்கிறான். கல்யாணமான எட்டாவது மாசத்தில், உன் கையும் தோளும் பார்த்தா கூடப் படுக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல என்று சொல்லிவிட்டுப் போனவன். நினைத்துப் பார்த்தாள். வந்தது, ஆனால் கோபம் இல்லை, சிரிப்பு. கேஸ் சிலிண்டரை நகர்த்தத் தெரியாமல் இவளைக் கூப்பிட்டவன், இவள் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த அன்றைக்கே பாதி ஓடிவிட்டான், மீதி ஓடத்தான் எட்டு மாசம். போகட்டும். முன்பு ஒரு வடநாட்டுப் போட்டியில், எடை பார்க்கிற அறைக்குள் இடுப்பில் கைவைத்த அந்தப் பளுதூக்கும் சங்கத்து ஆள்? அவனுடைய வெற்றிலைப் பல், விரலில் மோதிரம். அந்த மோதிர விரலைப் பின்பக்கமாக மடக்கி மடக்கி, குச்சி மாதிரி ஒடித்து, ஒவ்வொரு விரலாக, கத்தக் கத்த... இல்லை, இது அருவருப்பாக உடம்பெல்லாம் ஊர்கிறது, கையைக் கழுவச் சொல்கிறதே தவிர பிடிக்கச் சொல்லவில்லை. "அக்கா, பிஸ்கட் திங்கியளா?" தலை நிமிர்ந்தாள். நாகர்கோவில் ரின்சி. இதே எடைக்கு நிற்கிற இரண்டாவது பெண், வயது பத்தொன்பதுதான் இருக்கும், வாயில் பிஸ்கட், காதில் பாட்டு. ஒரு வருஷம் முன்னால்தான் பாரைத் தொட்டவள், அதற்குள் இங்கே நிற்கிறாள். தூக்கும்போது முகம் கோணாது, கத்த மாட்டாள், எடுத்து வைத்துவிட்டுச் சுவரொட்டி ஒட்டிவிட்டு வந்தவள் போல இறங்கிப் போவாள். இவளை வெறுக்கலாம். இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. பதினைந்து வயதிலிருந்து கன்னம் வீங்க வீங்க அடிபட்டுத் தூக்கியதை இவள் பிஸ்கட் தின்றுகொண்டு தூக்குகிறாள். "வேண்டாம்மா." "உங்க கிளீன் நல்லாத்தான் இருக்கு கேட்டியளா. மேலே போம்போ எதையோ யோசிச்சிட்டியளோ அக்கா? எனக்கு எங்க கோச்சு சொல்லுவாரு, ஒண்ணையும் யோசிக்காதே பிள்ளே, காலு பாத்துக்கும்னு." பிஸ்கட் தூளை உதறிவிட்டு, கையில் சாக் பவுடரைப் பூசிக்கொண்டு ஓடினாள். சனியன், நல்லவளாக வேறு இருக்கிறாள். வெறுக்க வாகாக இல்லை.

காலு பாத்துக்குமாம். யோசிக்காமல் எப்படித் தூக்குவது? யோசிக்க ஆள் இல்லாமல் அந்த இரும்பின் முன்னால் போய் நிற்பது அம்மணமாக நிற்பது மாதிரி. மாஸ்டர் ஒருநாள் கூட அப்படி அவளை அனுப்பியதில்லை. காய்ச்சலானாலும் கன்னத்தில் இரண்டு, காதில் பெயர். அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதல் முறைக்கு இரண்டு, இரண்டாவது முறைக்கு நாலு, இடது பக்கம் உள்ளே பல்லில் பட்டுக் கிழிந்து உப்புக் கரித்தது. இரத்தத்தை விழுங்கினாள். யார் அடித்த இரத்தம் இது? நைனா அடித்ததா? நைனா அடித்து எத்தனை வருஷம் ஆகிறது. அவள் பதினாறு வயதில் ஒருநாள் அவர் பட்டையை ஓங்கியபோது அதை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டாள், அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டு வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். அதோடு சரி. அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் மேல் கை விழவில்லை. அப்படியென்றால். அப்படியென்றால் இத்தனை வருஷமாக அடித்தது யார்? ஆறும்போதெல்லாம் அந்தப் பல்லை எடுத்து உள்ளங்கையில் திரும்பத் திரும்பச் சூடாக வைத்தது யார்? தூங்கும்போது நைனாவை மறந்துபோகிற வயது அவளுக்கு வந்திருந்தது, அம்மா கூட மறந்துவிட்டாள், அந்த ஆளுக்கே சோறு போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் பார் விழும். தைலக் கை வந்து தோண்டும், இன்னாடி உன் ஆளு, இன்னாடி உன் ஆளு. நைனாவுக்காவது குடித்தால்தான் கை வரும். இவர் குடிக்காதவர். வெள்ளிக்கிழமை விரதம். நிதானமாக, நேரம் பார்த்து, அளவாக அடிப்பார், அடித்துவிட்டு என் பொண்ணு மாதிரி என்பார். முதல் எடையே உன் பெஸ்ட்டா இருக்கணும், கம்மியில ஆரம்பிச்சா பயந்தவன்னு அர்த்தம் என்று தொண்ணூற்றெட்டில் கொண்டுபோய் நிறுத்தியதும் இவர்தான். பிழைக்கத் தெரிந்த எல்லோரும் தொண்ணூற்றில் ஆரம்பித்து ஒன்றைத் தூக்கிப் பத்திரப்படுத்திக்கொண்டுதான் மேலே போவார்கள். தொண்ணூறு அவளுக்குத் தூக்கத்தில் வரும். அதை இன்றைக்கு முதலில் தூக்கியிருந்தால் வேலை கையில், இனிமேல் எடையைக் குறைக்கவும் முடியாது. இவருடைய வீறாப்புக்கு அவளுடைய வேலை, அவளுடைய வயது, வீட்டில் நாற்காலியில் சாய்ந்து எப்போது வருவாள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சாய்ந்த வாய், எல்லாம் பணயம். வயிற்றில் என்னவோ கிளம்பியது. பழைய கொதி. எங்கே போயிருந்தாய் இவ்வளவு நேரம்? கிளம்பி மார்புக்கு வந்தது. அவள் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது, பிடியில் பலகை முனகியது. இருபது கிலோ பிளேட் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கி அந்தத் தைலக் காலின் மேல், விரல்களின் மேல், பாதம் உள்ளே போகிறவரை. அப்புறம் முகத்தில். மூக்கு உள்ளே போக. உன் ஆளு எங்கடி என்று கேட்கிற அந்த வாயில் ஒரு பல் கூட இல்லாமல், ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, சூடா கீதா மாஸ்டர் என்று கேட்க வேண்டும்.

மேலே பார் விழுந்தது, இந்தத் தடவை மெத்தென்று, பதறாமல் இறக்கிவைத்த சத்தம், உடனே கைதட்டல். ரின்சி. அப்படியானால் அடுத்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரை ஒருவர் ஜெயக்கோடி என்று நீட்டிப் படித்தார். அவள் எழுந்து இடுப்புப் பட்டையை இறுக்கினாள், கையில் பவுடரைப் பூசினாள், படிக்குக் கீழே வந்து நின்றாள். மாஸ்டர் அங்கே காத்திருந்தார். கூட்டத்தில் சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், மாஸ்டர் அறைவது அவர்களுக்குத் தெரியும், இதைப் படம்பிடிக்கவே ஒரு கூட்டம் வரும். "வா. மூஞ்சியைக் காட்டு." கை ஓங்கியது. அது இறங்குவதற்குள் இவள் கை போய்விட்டது. யோசித்து அடிக்கவில்லை, ஆனால் அடிக்கும்போது யோசனை இருந்தது, முழு உள்ளங்கை, தோளிலிருந்து, இடுப்பைத் திருப்பி, அவர் கற்றுக்கொடுத்தபடியே கீழேயிருந்து பலத்தை எடுத்து. சத்தம் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போயிற்று. மாஸ்டர் இரண்டடி பின்னால் போய்ப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து நின்றார். உதடு கிழிந்து இரத்தம் முகவாய்க்கு இறங்கியது. அப்புறம் மாஸ்டர் சிரித்தார். சிவந்த பல் எல்லாம் தெரியச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதான்! அதான்டி கேட்டேன்! இப்ப வந்துச்சு பாரு!" அவள் தோளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினார், காதருகே குனிந்தார், இரத்தம் அவள் காதில் பட்டது. "நானே உன் ஆளு. என்னைத் தூக்கிப் போடு. போ!"

அந்தச் சிரிப்பு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு மேடைக்கு வந்தது. அடித்ததையும் பிடுங்கிக்கொண்டாரே. வாழ்நாளில் ஒரே ஒரு அடி அடித்தாள், அதையும் தன் வித்தையில் சேர்த்துக்கொண்டாரே பாவி. இனிமேல் இதைத் தூக்கினாலும் அவருடையது. தூக்காவிட்டாலும் அவருடையதுதான், சொன்ன பேச்சுக் கேக்கல என்பார். விளக்கு முகத்தில் அடித்தது. பார் கிடந்தது. குனிந்து பிடித்தாள், கட்டைவிரலை உள்ளே மடக்கினாள், கொதி இன்னும் இருந்தது, இருக்கும்போதே எடு, ஆறிப்போவதற்குள் எடு, குப்புராஜ், குப்புராஜ், கழுத்தோடு சேர்த்துப் பிடித்து இழு. இழுத்தாள். கத்தினாள், மண்டபமே கேட்கிற மாதிரி ஒரு கத்தல். பார் முட்டியைத் தாண்டி, தொடையை உரசி, முன்னால் போயிற்று, ரொம்ப முன்னால், கோபம் அதைத் தேவைக்கு மேல் தள்ளிவிட்டது, கால்விரல் நுனிக்கு வந்துவிட்டாள், விழப்போகிறது, எப்படியோ முழங்கையைச் சுழற்றிக் கீழே புகுந்து கழுத்தடிக் காறை எலும்பில் வாங்கினாள். குந்தியிருந்தாள். தொண்டையை இரும்பு அழுத்தியது, கண்ணில் கறுப்புப் புள்ளிகள். எழுந்திரு. எழுந்தாள். தொடை கிடுகிடுவென்று ஆடியது, எழுந்துவிட்டாள். நின்றாள். பாதி முடிந்தது.

ஆனால் கொதி தீர்ந்துவிட்டது. துப்புரவாகத் தீர்ந்துவிட்டது. தோளில் தொண்ணூற்றெட்டுக் கிலோ, உள்ளே ஒரு பொறி இல்லை. மாஸ்டர் முகத்தை வரவழைத்துப் பார்த்தாள். உதடு கிழிந்த ஒரு கிழவர் தெரிந்தார். நைனாவைக் கூப்பிட்டாள், அவரும் ஒரு கிழவர். பாபு, மோதிரக்காரன், யாரும் வரவில்லை. கூட்டம் கத்துவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. பயம் வந்தது. உள்ளங்காலில் ஆரம்பித்து மேலே வந்தது, இப்படியே நின்றால் இன்னும் இரண்டு மூச்சு, அப்புறம் முன்னால் போட்டுவிட வேண்டியதுதான், வேலை போயிற்று, வயது போயிற்று, எல்லாம் போயிற்று. ஒரு மூச்சு. அந்த மூச்சில் இடது குதிகால் தானாகத் தரையில் அழுந்திற்று. யாரும் அதற்குச் சொல்லவில்லை. பார் கால்விரல் பக்கமிருந்து குதிகால் பக்கம், அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. முட்டி நேராயிற்று. முதுகு நிமிர்ந்தது. இதெல்லாம் யார் செய்கிறார்கள்? ஆயிரம் விடியலில் யாரும் அறையாமல், யாரும் காதில் ஓதாமல், ஜிம்மைத் திறந்து, வெறும் பாரை வைத்துக்கொண்டு தனியாக அவள் செய்த வேலை இது. அதற்கெல்லாம் ஆள் தேவைப்பட்டதில்லை. கோபம் ஒருநாளும் அந்நேரத்தில் எழுந்து வந்ததில்லை, அது தூங்குமூஞ்சி, கைதட்டுகிற கூட்டம் இருந்தால்தான் வரும். கால்தான் வந்தது. முட்டி கொஞ்சம் மடங்கிற்று, நேராக, பதறாமல். உதைத்தாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே பறந்து பலகையில் ஒரே சத்தமாக விழுந்தன, பார் தலைக்கு மேல் இருந்தது, முழங்கை இரண்டும் பூட்டியிருந்தது. காலை ஒன்றுசேர்த்தாள். நின்றாள். மனசுக்குள் ஒருத்தரும் இல்லை. அப்படி ஒரு வெட்டவெளி அங்கே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. டவுன் என்றார் நடுவர். அவளுக்கு இறக்க மனசில்லை. இன்னொரு முறை டவுன் என்றார். இறக்கினாள். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. போதும், சட்டப்படி போதும், தூக்கியாயிற்று, மொத்தக் கணக்கு இருக்கிறது, வேலை இருக்கிறது.

படியிறங்கும்போது அழுதுகொண்டிருந்தாள், வாய்விட்டுத்தான் அழுதாள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரின்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பவுடர் கையோடு கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை. மாஸ்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார், துண்டால் உதட்டை ஒத்தித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், தானே தூக்கியது போல. "பாத்தியா? பாத்தியா? சொன்னேன் இல்ல? என்னை நெனச்சுத்தானே தூக்கின? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும், என்னைத்தானே நெனச்ச?" செல்போன்கள் அவள் வாய்க்கு நேரே வந்தன. அவர் கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் சிவப்பாக எழும்பியிருந்தன. பொய் சொல்லலாம். ஆமாம் என்று ஒரு தலையாட்டு, கிழவருக்கு ஆயுசுக்கும் போதும், நாளைக்கே நாலு பெண்களிடம் சொல்வார், பத்துப் பெண்களை அறைவார்.

"இல்ல மாஸ்டர்," என்றாள். "யாரையும் நெனைக்கல."

அவர் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று. "ஏய், உங்க நைனாவையாவது..."

"அவரையும் இல்ல மாஸ்டர். கோவம் தோளோட நின்னுபோச்சு. மேல போனது சும்மாத்தான் போச்சு."

அறைந்தபோது சிரித்த மனுஷர் இதற்குச் சிரிக்கவில்லை. விரித்த கை மெதுவாக இறங்கியது. கைக்கு இனி எங்கே போவதென்று தெரியவில்லை, துண்டைத் தேடியது, துண்டு தோளிலேயே இருந்தது. அவர் பின்னால் நகர்ந்து, சாப்பாட்டுக் கூடத்தின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செல்போன்காரர்கள் ரின்சியின் பக்கம் போய்விட்டார்கள். ஜெயக்கொடிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. இடுப்புப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். நேரமாகிவிட்டது, வீட்டில் நைனாவை நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும்.